அடிக்கடி வரும் காது வலி: குழந்தைக்குக் குழாய் வைப்பதா, ஆன்டிபயாடிக்கைத் தொடர்வதா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டே கால் வயது, எடை 12 கிலோ. ஒரு வருடமாகவே காது வலி விட்டு விட்டு வந்துகொண்டிருக்கிறது. முதலில் சளி பிடிக்கும், மூன்றாம் நாள் ராத்திரி காதைப் பிடித்துக்கொண்டு அலறுவாள், மறுநாள் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதுவார். இப்படி ஐந்து முறை ஆகிவிட்டது. போன மாதம் வலது காதிலிருந்து சீழ் வடிந்து தலையணை நனைந்திருந்தது. ஒரு மருத்துவர் காதுக்குள் குழாய் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர், மூன்று மாதம் தினமும் குறைந்த அளவில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். குளிப்பாட்டும்போது தண்ணீர் போவதுதான் காரணம் என்பது என் அம்மாவின் கட்சி, எண்ணெயைச் சூடாக்கி விடச் சொல்கிறார். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். அவள் பேச்சும் கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோல் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விளக்கமாகப் பேசலாம். மூன்று மாதம் தினசரி ஆன்டிபயாடிக் வேண்டாம். காதில் எண்ணெய் கூடவே கூடாது, அதுவும் போன மாதம்தான் சீழ் வடிந்த காதில் நிச்சயமாகக் கூடாது. செவிப்பறையில் செருகுகிற அந்தக் குட்டிக் குழாய் விஷயத்தை இன்றைக்கே முடிவு செய்ய உங்கள் கடிதத்தில் உள்ள தகவல் போதாது. அதற்கு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். சளியும் வலியும் இல்லாத ஒரு நாளில் அவளுடைய செவிப்பறைக்குப் பின்னால் நீர் நிற்கிறதா? அவளுக்கு எவ்வளவு கேட்கிறது? பேச்சு மந்தம் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

ஐந்து முறை என்கிறீர்கள். ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது ஒரு வருடத்தில் நான்கு தடவை வந்து அதில் ஒன்றாவது கடைசி ஆறு மாதத்துக்குள் இருந்தால், அதைத் திரும்பத் திரும்ப வரும் நடுக்காது தொற்று என்று நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம், நடுக்காது என்பது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் இடம். அந்தக் கணக்குப்படி உங்கள் மகள் உள்ளே வந்துவிடுகிறாள். ஆனால் அந்த ஐந்தும் உண்மையிலேயே தொற்றுதானா என்று கேட்பது என் வேலை. வலியில்லாத, நல்ல செவிப்பறையைக் கருவி வைத்துப் பார்த்தால் வெளிர் சாம்பல் நிறத்தில், கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரித் தெரியும். நடுக்காதில் உள்ள சுத்தியல் வடிவ எலும்பின் கைப்பிடி தெளிவாகத் தெரியும், கீழே முக்கோணமாக ஒரு வெளிச்சம் மின்னும். பாக்டீரியா தொற்று வந்த காதில் இதெல்லாம் காணாமல் போய்விடும். உள்ளே சீழ் அழுத்துவதால் பறை மஞ்சளாகி நம்மை நோக்கிப் புடைத்து நிற்கும், எலும்பே தெரியாது. அந்தப் புடைப்புதான் முக்கியம். வெறும் சிவப்பு போதாது, ஏனென்றால் காய்ச்சல் அடிக்கிற, கையைக் காலை உதைத்து வீரிட்டு அழுகிற எந்தக் குழந்தையின் செவிப்பறையும் சிவந்துதான் இருக்கும். போதாததற்குக் குறும்பி வேறு பாதி வழியை அடைத்துக்கொண்டிருக்கும், அதை எடுத்தால்தான் பறையே தெரியும், இரவு பத்து மணிக்கு ஆறு பேர் வரிசையில் காத்திருக்கும்போது அதைப் பொறுமையாக எடுத்துப் பார்க்கிற மருத்துவர்கள் குறைவு, குறை சொல்லவில்லை, நிலைமை அப்படி. ஆகவே "காது சிவப்பாக இருக்கிறது" என்று எழுதப்பட்ட ஐந்தில் இரண்டோ மூன்றோ வெறும் சளியாகக்கூட இருந்திருக்கலாம். பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள், புடைப்பு என்றோ சீழ் என்றோ எங்காவது எழுதியிருக்கிறதா என்று. போன மாதம் வந்தது சந்தேகமில்லாமல் தொற்றுதான், சீழ் தலையணையிலேயே சாட்சி சொல்லிவிட்டது.

சரி, ஏன் இந்தக் குழந்தைக்கு மட்டும் இப்படி? இந்தக் குழந்தைக்கு மட்டும் இல்லை என்பதுதான் உண்மை. மூக்கின் பின்பகுதியிலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது, யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து நடுக்காதுக்குக் காற்று கொடுக்கும். பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். சின்னக் குழந்தைக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவசமாக, சுவர் தளதளவென்று இருக்கும். ஏதோ ஒரு வைரஸ் சளி வருகிறது, குழாயின் உள்பக்கம் வீங்கி அடைத்துக்கொள்கிறது, நடுக்காதில் நீர் கோத்துக்கொள்கிறது, மூக்கின் பின்னால் சும்மா குடியிருந்த நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ், மொராக்செல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்த நீரில் பெருகுகின்றன. உங்கள் மகளுக்குச் சளி பிடித்து மூன்றாம் நாள் ராத்திரி வலி வருவது இந்தக் கதைதான். வளர வளரக் குழாயின் அமைப்பு மாறிவிடும், ஆறேழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாண்டிவிடுவார்கள். நம் வேலை அதுவரை காதும் கேட்கும் திறனும் பேச்சும் கெடாமல் பார்த்துக்கொள்வது.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குளிக்கும்போது காதுக்குள் போகிற தண்ணீர் செவிப்பறை வரைதான் போகும், பறை ஓட்டையில்லாமல் இருக்கும்வரை நடுக்காதுக்குள் நுழையாது. தண்ணீரால் வருவது வெளிக்காதுத் தொற்று, அது வேறு நோய். அதில் காது மடலை லேசாக இழுத்தாலே, முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அழுத்தினாலே குழந்தை துள்ளும். நடுக்காதுத் தொற்றில் மடலை இழுத்தால் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆகையால் குளிப்பாட்டுங்கள், தலைக்கும் ஊற்றுங்கள். வலது காதில் மட்டும், ஓட்டை மூடிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை, வாசலின் தடவிய பஞ்சை வாயிலில் வைத்துத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீழ் வடிந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடும். வடியத் தொடங்கியதும் வலி சட்டென்று குறைந்திருக்குமே, அழுத்தம் இறங்கியதால் வந்த நிம்மதி அது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் வடிந்துகொண்டே இருந்தாலோ நாற்றம் அடித்தாலோ காத்திருக்க வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்த தடவை ராத்திரி அலறும்போது முதலில் செய்ய வேண்டியது வலியை அடக்குவது. பலரும் இதை விட்டுவிட்டு ஆன்டிபயாடிக்கைத் தேடி ஓடுகிறார்கள், முதல் 24 மணி நேரத்தில் அந்த மருந்து வலியைக் குறைக்காது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். இங்கேதான் பலருக்குக் குழப்பம் வரும், ஏனென்றால் ஒரு பாட்டிலில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250 இருக்கும். முதல் வகை என்றால் 7.5 மில்லி, இரண்டாவது என்றால் 3.6 மில்லி. "ஒரு மூடி கொடுத்தேன்" என்பதெல்லாம் கணக்கே இல்லை, பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். வாந்தி, நீர்ச்சத்துக் குறைவு இல்லையென்றால் இபுபுரூஃபனும் கொடுக்கலாம், கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது. மூக்கடைப்புக்குக் கொடுக்கிற சிரப், அலர்ஜி மாத்திரை இவற்றால் காதுத் தொற்று சீக்கிரம் ஆறுவதில்லை, தூக்கக் கலக்கமும் எரிச்சலும்தான் மிச்சம்.

ஆன்டிபயாடிக் எப்போது? ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் உறுதியான நடுக்காதுத் தொற்றுக்கு யோசிக்காமல் கொடுப்போம். உங்கள் மகளைப் போல இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு, வலி மிதமாக இருந்து, காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து, காது வடியவில்லை என்றால், வலி மருந்து மட்டும் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதற்குள் தானாகவே சரியாகிவிடும். இது மருத்துவரைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கச் சொல்வது ஆகாது. அவர் காதைப் பார்த்துவிட்டு, சீட்டையும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாளும் குறையவில்லையென்றால் வாங்குங்கள் என்று சொல்வார், அப்படிக் காத்திருப்பது. மாறாக, பாராசிட்டமால் கொடுத்த பிறகும் விடாமல் அலறுகிறாள், காய்ச்சல் 39-ஐத் தாண்டுகிறது, இரண்டு நாளாக வலி நிற்கவில்லை, சீழ் வடிகிறது, இதில் எது இருந்தாலும் மருந்தைத் தொடங்கிவிட வேண்டியதுதான்.

தொடங்கினால் அரைகுறையாக வேண்டாம். வழக்கமான முதல் மருந்து அமாக்சிசிலின், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. உங்கள் மகளுக்குக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஆயிரம் மில்லிகிராம் பக்கம் வரும், "இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இவ்வளவா" என்று பயந்து பாதியாகக் குறைத்துக் கொடுக்கிற பெற்றோர் உண்டு, குறைத்தால் காதுக்குள் போதுமான அளவு மருந்து சேராது. கடந்த 30 நாளுக்குள் அமாக்சிசிலின் சாப்பிட்டிருந்தாலோ, காது வலியோடு கண்ணிலும் பீளை தள்ளினாலோ, அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்துக்குப் போவோம். போன மாதம் என்ன மருந்து சாப்பிட்டாள் என்று தேதியோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், மருத்துவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது இதைப் பொறுத்தது. இரண்டு வயதுக்குக் கீழே பத்து நாள், இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு மிதமான தொற்று என்றால் ஏழு நாள், கடுமையானது என்றால் பத்து. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் இதெல்லாம் மாறும்.

அந்த மூன்று மாத யோசனைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இது பரவலாக இருந்த வழக்கம்தான், எழுதுகிற மருத்துவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் அதனால் கிடைக்கிற லாபம் சொற்பம், சாப்பிடும் வரைதான் அது நிற்கும், நிறுத்தியதும் பழைய நிலைதான். வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு ஒரு பக்கம், மருந்துக்கு மசியாத கிருமியை மூக்குக்குள் வளர்த்துக்கொள்வது இன்னொரு பக்கம். அதனால்தான் இன்றைய வழிகாட்டுதல்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இப்போது கேட்கும் திறன். தொற்று ஆறிய பிறகும் நடுக்காதில் நீர் தங்கிவிடும், இது பல பெற்றோருக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பத்தில் நாலு குழந்தைக்கு இன்னும் நீர் இருக்கும், மூன்று மாதத்தில் அது பத்தில் ஒன்றாகக் குறையும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, குழந்தை ஓடி ஆடி விளையாடும், ஆனால் கேட்பது மங்கலாக இருக்கும். சராசரியாக 25 டெசிபெல் பக்கம் குறையும். உங்கள் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பக்கத்து அறையில் மனைவி பேசுவதைக் கேட்டுப் பாருங்கள், பேசுவது தெரியும், ஆனால் என்ன சொல் என்பது நழுவிப்போகும். சொற்களைப் பிடித்துக்கொள்ளும் வயதில் மாதக்கணக்கில் இப்படிக் கேட்டால் பேச்சு தாமதப்படலாம். இரண்டு வயதில் ஒரு குழந்தை ஐம்பது சொல்லாவது சொல்லும், "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். உங்கள் மகள் இரண்டே கால் வயதில் இன்னும் சேர்த்துப் பேசவில்லை என்றால், காதைக் காரணம் காட்டிக் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரையும் பார்த்துவிடுங்கள். காது மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை.

பரிசோதனையில் குழந்தைக்கு வலிக்கிற விஷயம் எதுவும் இல்லை. டிம்பனோமெட்ரி என்பது காது வாயிலில் ஒரு மென்மையான முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிப் பறை அசைகிறதா என்று பார்ப்பது, ஒரு நிமிடம்கூட ஆகாது, நீர் இருந்தால் திரையில் மேடு இல்லாத தட்டையான கோடு விழும். கேட்கும் திறனுக்கு, உங்கள் மடியில் அவளை உட்காரவைத்து ஒரு பக்கத்திலிருந்து சத்தம் வரும், அவள் அந்தப் பக்கம் திரும்பினால் பெட்டிக்குள் ஒரு பொம்மைக்கு விளக்கு எரியும், பொம்மையைப் பார்க்கிற ஆசையில் சின்னச் சின்னச் சத்தத்துக்கும் திரும்புவாள், எந்த அளவுக்குக் கீழே திரும்பவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். சளி முழுவதும் விட்ட பிறகு போங்கள், சளியோடு போனால் நீர் இருக்கத்தான் செய்யும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அந்த நாளில் காதுகள் காய்ந்து, பறை அழகாக அசைந்தால், குழாயைத் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து, ஐந்து தடவை வந்திருந்தாலும் சரி. தொற்றுக்கு இடையில் காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்றால் யூஸ்டேஷியன் குழாய் ஓரளவு வேலை செய்கிறது என்று அர்த்தம். 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதம் முதல் 35 மாதம் வரையிலான, அடிக்கடி காதுத் தொற்று வந்த 250 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் குழாய் வைத்தார்கள், மற்றவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் மருந்து கொடுத்தார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்ததில் இரு பக்கமும் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரைத் தடவைதான் வந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தைகள் வளர்ந்தார்கள், தொற்று குறைந்தது, அவ்வளவுதான்.

நீர் நிற்கிறது, அதுவும் இரண்டு காதிலும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிறது, கேட்பதும் குறைந்திருக்கிறது என்றால் கதை வேறு, அப்போது நான் குழாய்க்குத் தயங்க மாட்டேன். அடிக்கடி தொற்று வருகிற குழந்தைக்கு, பரிசோதிக்கிற நாளில் நீர் இருந்தாலே குழாய் வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் வழிகாட்டுதலும் சொல்கிறது. பெரிய அறுவை என்று பயப்பட வேண்டாம். குறைந்த நேரம் முழு மயக்கம் கொடுத்து, நுண்ணோக்கி வழியாகச் செவிப்பறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கீறல் போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுப்போம், சில குழந்தைகளுக்கு அது தண்ணீராக இருக்காது, பசை மாதிரி நீளமாக இழுத்துக்கொண்டு வரும். பிறகு நடுவில் ஓட்டையுள்ள ஒரு குட்டிக் குழாயை அந்தக் கீறலில் செருகிவிடுவோம், குரோமெட் என்பார்கள். கால் மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் பறை அதைத் தானாக வெளியே தள்ளிவிடும். நூறில் இரண்டு மூன்று பேருக்கு ஓட்டை மூடாமல் நின்றுவிடும், அதைப் பிற்பாடு சரிசெய்ய வேண்டியிருக்கும். குழாய் இருக்கும்போது காது வடிந்தால் பெரும்பாலும் வாய்வழி மருந்தே வேண்டாம், சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஓஃப்ளாக்சசின் சொட்டு மருந்து போதும். ஓட்டையோ குழாயோ உள்ள காதில் கைக்குக் கிடைத்த பழைய சொட்டு மருந்தைப் போடாதீர்கள், சிலவற்றில் உள்காதைக் கெடுக்கும் மருந்துகள் இருக்கின்றன.

கூடவே மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். இந்த வயதில் அதற்காகவே எடுக்க வேண்டாம். வாயைத் திறந்தபடி தூங்குவது, குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது இருந்தால் அது தனி விஷயம். நாலு வயது தாண்டியும் நீர் வற்றாமல் இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

வீட்டில் உங்களால் முடிந்தவை சில உண்டு. வீட்டிலோ காரிலோ யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்துங்கள், "பால்கனியில்தான் பிடிக்கிறேன்" என்பதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். படுத்தபடி பாட்டிலில் பால் குடிக்கிற பழக்கம், சூப்பான் இரண்டையும் விடச் செய்யுங்கள், இரண்டே கால் வயதுக்கு இரண்டுமே தேவையில்லை. நிமோகாக்கல் தடுப்பூசி முழுதாகப் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள், வருடாவருடம் இன்ஃப்ளூயன்சா ஊசியும் போடுங்கள், எல்லாத் தொற்றையும் தடுக்காவிட்டாலும் சிலவற்றைக் குறைக்கும். காப்பகம்தான் இதில் பெரிய விஷயம். நிறையக் குழந்தைகள் கூடும் இடத்தில் சளி மாறி மாறிச் சுற்றும், அதற்காக வேலையை விடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், குழந்தைகள் குறைவாக உள்ள இடம் கிடைத்தால் மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள், உங்கள் மனைவியிடமும் இதைச் சொல்லுங்கள்.

காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வீங்கிச் சிவந்து மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கழுத்து விறைப்பது, நடக்கும்போது தள்ளாடுவது, எழுப்பினாலும் மயங்கி மயங்கிக் கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி பகல் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் மணிக்கணக்கு முக்கியம். காதுத் தொற்றோடு நிமோனியாவும் இரண்டொரு தடவை வந்திருக்கிறது, எடையும் ஏறவில்லை என்றால் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பரிசோதிக்கச் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, 12 கிலோ இந்த வயதுக்கு நல்ல எடை.

பரிசோதனைக்குப் போகும்போது ஒரே ஒரு தாள் எடுத்துக்கொண்டு போங்கள், ஒவ்வொரு தடவையும் தேதி, எந்தக் காது, காய்ச்சல் எவ்வளவு, வடிந்ததா, என்ன மருந்து எத்தனை நாள், அவ்வளவுதான். டிம்பனோமெட்ரி கோடு இரண்டு காதுக்கும் தட்டையாக இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஆனால் கேட்பதும் குறைந்திருந்து, பேச்சும் பின்தங்கியிருந்தால் அந்த மூன்று மாதத்தையும் காத்திருந்தே ஆக வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். இரண்டு அறிக்கையும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், குழாய் பற்றி அப்போது திட்டவட்டமாகச் சொல்கிறேன்.